தினசரி எழுத்துக்கு நீல மை: வாட்டர்மேன் செரினிட்டி ப்ளூ எழுதிப் பார்த்தேன்

மலைமுகில் (க்யூர்பிப்)

எல்லோருக்கும் வணக்கம். தினமும் ஊற்றுப்பேனாவில் எழுத ஒரு நீல மை தேடிக்கொண்டிருந்தேன். இப்போது வாட்டர்மேன் செரினிட்டி ப்ளூவை ஏற்றி எழுதிவருகிறேன். முன்பு ஃப்ளோரிடா ப்ளூ என்ற பெயரில் வந்த மைதான். நான் பார்த்ததை எழுதுகிறேன், உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

என் தேவை இதுதான். இங்கே மொரீஷியஸில் தொடக்கப் பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். பாடக்குறிப்பு, மாதிரிக் கட்டுரை, கோவில் சங்கக் கூட்டக் குறிப்பு என்று தினம் பல பக்கம் கையெழுத்து. எந்தத் தாளில் எழுதுவது என்பது என் கையில் இல்லை. ஒரு நாள் க்ளேர்ஃபோன்டேன் என்ற பிரெஞ்சு நோட்டு, மறுநாள் அலுவலகத்து நகல் தாள், அதற்கடுத்த நாள் பிள்ளைகளின் மெல்லிய அப்பியாசப் புத்தகம். 90 கிராம் க்ளேர்ஃபோன்டேன் தாளில் எந்த மையும் அழகாகத்தான் இருக்கும். கிடைக்கிற தாள்களிலேயே மட்டமானதில் எது ஒழுங்காக நிற்கிறது என்று பார்த்துத்தான் தினசரி மையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பேனா இரண்டு. பைலட் மெட்ரோபாலிட்டன் ஃபைன் (மெல்லிய நிப்பு), லாமி சஃபாரி மீடியம் (நடுத்தர நிப்பு). ஜப்பான் நிப்பின் ஃபைன், ஐரோப்பிய ஃபைனைவிட ஒரு படி மெல்லிசு என்பது உங்களுக்குத் தெரியும். ஆக இந்த இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கிறது. இரண்டையும் பச்சைத் தண்ணீரில் தெளியும்வரை கழுவி, நிப்பை டிஷ்யூவில் ஒற்றி, இரவு முழுக்கக் காயவிட்டு மை ஏற்றினேன். நாக்கட்டையில், அதாவது நிப்புக்கு மை கொண்டுவரும் அடிக்கட்டையில், பழைய மை தங்கியிருந்தால் நிறத்தைப் பற்றி எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது.

எழுதும்போது பளிச்சென்ற நீலம். காய்ந்தபின் கொஞ்சம் அடங்கி, லேசாக ஊதா தட்டும். கண்ணை உறுத்தவில்லை. பக்கம் பக்கமாகப் படிக்கலாம்.

மை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஆங்கில வாக்கியம்தான் எழுதிப் பார்க்கிறார்கள். நமக்கு அது போதாது. தமிழில் சுழி அதிகம். ண, ஞ, இ, ணை எல்லாம் சுழித்துத் திரும்புகிற எழுத்துகள். மை சற்றுத் தாராளமாக இறங்கினாலும் சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைபட்டுவிடும். புள்ளி அதைவிடச் சிக்கல். நிப்பு ஒரே இடத்தில் தொட்டு நிற்கும் அந்த நொடியில் மை இறங்கிக்கொண்டே இருக்கும். மெல்லிய தாளில் 'க்' மேலே வைத்த புள்ளி விரிந்து எழுத்தின் தலையைத் தொட்டுவிடும். அதனால் நான் எப்போதும் 'கண்ணன்', 'அஞ்ஞானம்', 'இணைப்பு', 'தண்ணீர்ப்பந்தல்' என்று எழுதிப் பார்ப்பேன். பிறகு நம் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் இருக்கும் தமிழ் எண்கள். ௩, ௫, ௯ மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் மையின் குணம் தெரிந்துவிடும்.

பைலட்டில் எல்லாத் தாளிலும் சுழி திறந்தே இருந்தது. லாமி மீடியத்தில் க்ளேர்ஃபோன்டேன் சரி, நகல் தாள் பரவாயில்லை. அப்பியாசப் புத்தகத்தில் 'ண'வின் உள்சுழி மூடிக்கொண்டது, மறுபக்கமும் நிழல் தட்டியது. பேனாவை மாற்றினால் தீரும் குறைதான் இது.

ஓட்டம் அருமை. காலையில் மூடியைத் திறந்ததும் முதல் கோட்டிலேயே எழுதுகிறது.

காய்வதற்குத்தான் நேரம் எடுக்கிறது. க்யூர்பிப் கடல் மட்டத்திலிருந்து 550 மீட்டருக்கு மேலே. வருஷத்தில் பாதி நாள் வீட்டுக்குள்ளேயே ஈரம் நிற்கும். தாளும் அந்த ஈரத்தைக் குடித்துத்தான் இருக்கிறது. பக்கத்தைப் புரட்டுமுன் ஒற்றுத்தாள் வைக்க வேண்டியிருக்கிறது.

எபென்_கணக்கன்

சார், நல்லா எழுதியிருக்கீங்க. நான் சென்னைக்காரன், இங்க எபென்ல கணக்கு வேலை. சின்ன வயசுல இருந்து பிரில் ராயல் ப்ளூதான். நம்ம இந்திய மைதான். ஊருக்குப் போறப்ப எல்லாம் ரெண்டு மைக்கூடு வாங்கிட்டு வருவேன், இப்ப அதுவும் தீரப்போகுது.

ஒரு விஷயம் கேக்கணும். நான் இடது கை. எழுதுன வரி மேலயே என் கை தேய்ச்சுட்டுப் போகும். ஒற்றுத்தாள் வைக்கிற அளவுக்குப் பொறுமை கிடையாது. எபென் உங்க ஊர் அளவுக்கு ஈரம் இல்ல, ஆபீஸ்ல ஏசி ஓடுது. செரினிட்டி எனக்கு ஒத்துவருமா?

துறைமுகத்தான் (போர்ட் லூயிஸ்)

அதே மை, அதே லாமி, ஆனால் ஃபைன் நிப்பு. போர்ட் லூயிஸில் எனக்குக் காய்வது ஒரு பிரச்சினையே இல்லை. நகல் தாளில் வரி முடிவதற்குள் காய்ந்துவிடுகிறது. மலைமுகில் ஐயாவுக்கு ஒற்றுத்தாள் வேண்டியிருக்கிறது என்றால் காரணம் க்யூர்பிப் காற்றுதான்.

மை காய்வதில் இரண்டு வேலை நடக்கிறது. தண்ணீர் கொஞ்சம் தாளுக்குள் இறங்குகிறது, மிச்சம் காற்றில் போகிறது. வழுவழுப்பான க்ளேர்ஃபோன்டேன் தாள் மையை உள்ளே விடாது. கோடு கூர்மையாக இருப்பதும், மேலே நெடுநேரம் ஈரமாக நிற்பதும் அதனால்தான். நகல் தாள் சீக்கிரம் குடித்துவிடும், ஆனால் ஓரம் பிசிறும். இதில் காற்றும் ஈரமாக இருந்தால் நல்ல தாளில் எழுதுபவருக்குத்தான் காத்திருப்பு அதிகம்.

எபென்_கணக்கன் தம்பி, நகல் தாளில் ஃபைன் நிப்பு என்றால் தைரியமாக வாங்கலாம். க்ளேர்ஃபோன்டேனில் இடது கையால் எழுதுவது கஷ்டம்.

என் குறை வேறு. வெயில். என் மேசை சன்னல் ஓரம். சுவரில் ஒட்டிவைத்த தொலைபேசி எண் பட்டியல் சில வாரத்திலேயே வெளுத்துவிட்டது. சந்தேகம் வந்து ஒரு துண்டுத் தாளில் எழுதி, பாதியை அட்டையால் மூடி, சன்னல் கண்ணாடியில் ஒட்டினேன். மூடிய பாதி நீலமாகவே இருக்கிறது. வெயில் பட்ட பாதியில் எழுத்தைச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகிறது. மூடிவைக்கும் நோட்டுக்கு இது பொருட்டே இல்லை. வெளிச்சத்தில் நிற்கும் எதற்கும் இந்த மையைத் தொட வேண்டாம்.

பிச்சிப்பூ (சென் தெனி, ரெயூனியன்)

அக்கரைப் பிரெஞ்சுத் தீவிலிருந்து ஒரு வார்த்தை. இங்கே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மைப்பேனாவில்தான் எழுதிப் பழகுகிறார்கள், அதுவும் நீல மை. பென்சில் பெட்டியில் எஃபாசர் என்ற மை அழிப்பான் கட்டாயம் இருக்கும். ஒரு முனையால் தடவினால் நீலம் மறைந்துவிடும். மறு முனை நிலையான நீலம், அழித்த இடத்தின் மேல் எழுதுவதற்கு.

செரினிட்டி மேல் எஃபாசர் வைத்துப் பார்த்தேன், அதுவும் மறைந்தது. சாயம் தாளைவிட்டுப் போய்விடுவதில்லை. இந்த வகை நீலச் சாயத்தின் மூலக்கூறை அழிப்பானில் உள்ள மருந்து மாற்றிவிடுகிறது, அப்போது அதற்கு நிறம் இருப்பதில்லை. அந்த மருந்து அங்கேயே தங்கியிருப்பதால் அதே மையால் திரும்ப எழுதினாலும் பிடிக்காது. மறு முனையில் வேறு மை வைத்திருப்பது அதற்காகத்தான்.

தமிழ் எழுதுபவர்களுக்கு எங்கள் பள்ளி நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். செயெஸ் கோடு என்பார்கள். 8 மில்லிமீட்டருக்கு ஒரு அழுத்தக் கோடு, நடுவே 2 மில்லிமீட்டருக்கு ஒன்றாக மெல்லிய கோடுகள். எழுத்தின் உடலை இரண்டு இடைவெளிக்குள் வைத்து, மேல் விலங்கையும் புள்ளியையும் மூன்றாவதில் ஏற்றி, 'கு', 'மூ' கால்களுக்குக் கீழே ஒன்று விட்டால் தமிழ் அவ்வளவு ஒழுங்காக உட்காரும். நான் வீட்டில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளுக்கு இதைத்தான் தருகிறேன். மலைமுகில் ஐயா, உங்கள் ஊர் கடைகளிலும் இந்த நோட்டு கிடைக்குமே?

மலைமுகில் (க்யூர்பிப்)

கிடைக்கிறது அம்மா, என்னுடைய க்ளேர்ஃபோன்டேன் நோட்டே செயெஸ் கோடுதான். நீங்கள் சொன்ன மாதிரி மூன்றாவது இடைவெளியைப் புள்ளிக்கு ஒதுக்கி எழுதிப் பார்த்தேன். லாமி மீடியத்தில்கூடப் புள்ளி எழுத்தைத் தொடவில்லை. மை மாற்றாமலே ஒரு தொல்லை தீர்ந்தது. நன்றி.

துறைமுகத்தான் சொன்ன வெயில் கணக்கும் எனக்குப் பயன்படும். வகுப்பறைச் சுவரில் ஒட்டும் எழுத்து அட்டைகளுக்கு இனி வேறு மைதான்.

எச்எஸ்சி_மாணவி

வணக்கம். நான் இந்த வருஷம் எச்.எஸ்.சி (பள்ளி இறுதித் தேர்வு) எழுதுகிறேன், தமிழும் ஒரு பாடம். பால்பாயிண்டில் அழுத்தி எழுதி விரல் வலிக்கிறது என்று அண்ணன் ஒரு மைப்பேனா வாங்கிக் கொடுத்தார். இந்த மையைத் தேர்வில் பயன்படுத்தலாமா?

மலைமுகில் (க்யூர்பிப்)

பயிற்சிக்குத் தாராளமாக எழுது அம்மா. கை லேசாக ஓடும், நீண்ட கட்டுரைக்கு மைப்பேனாவுக்கு ஈடு கிடையாது. அழுத்தாமல் எழுதினால் கையெழுத்தும் திருந்தும்.

தேர்வுக்கு வேண்டாம். எச்.எஸ்.சிக்கு வரும் கேம்பிரிட்ஜ் வினாத்தாளின் முகப்பைப் படித்துப் பார். கறுப்பு அல்லது கருநீலப் பேனா என்று போட்டிருக்கும், அழிக்கக்கூடிய பேனா கூடாது என்றும் இருக்கும். பிச்சிப்பூ அம்மா சொன்னபடி இது அழிப்பானில் மறைகிற மை, நிறமும் கருநீலம் இல்லை. விடைத்தாளை ஸ்கேன் செய்து திரையில் திருத்தும்போது வெளிர் நீலம் இன்னும் வெளிறித் தெரியும். உன் உழைப்பு அத்தனையும் அந்தத் தாளில் இருக்கிறது. கறுப்பு மை ஏற்றிக்கொள். தேர்வுக்குச் சில வாரம் முன்பே ஏற்றி, அதே பேனாவில் அதே மையில் பழைய வினாத்தாள்களை முழு நேரம் எழுதிப் பழகு. உதிரி கார்ட்ரிட்ஜ் (மை அடைத்த குழாய்) இரண்டும், ஒரு சாதாரணப் பேனாவும் பெட்டியில் இருக்கட்டும்.

எச்எஸ்சி_மாணவி

சரி ஐயா, கறுப்பு வாங்கிக்கொள்கிறேன். மிக்க நன்றி.

பழைய_குமாஸ்தா (ரோஸ் ஹில்)

பிள்ளைகளே, நீங்கள் எல்லோரும் நிறத்தையும் காய்வதையும் பேசுகிறீர்கள். தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லையே. நாம் வாழ்வது புயல் தீவில். நவம்பர் தொடங்கி ஏப்ரல் தாண்டும்வரை எப்போது கூரை ஒழுகும், எப்போது பை நனையும் என்று தெரியாது. செரினிட்டியில் எழுதிய தாளில் ஒரு சொட்டு விழுந்தால் என்ன ஆகும், மலைமுகில் தம்பி?

நான் அலுவலகத்தில் இருந்த காலம் முழுக்க நீலக்கறுப்பு மைதான், அதுவும் இரும்பு மை. அதன் வேலை எப்படி என்று நம்மூர்ப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கடுக்காயை இடித்து ஊறவைத்த சாற்றில் அன்னபேதியைப் போட்டால் கறுத்துவிடும் அல்லவா, அதுதான் அடிப்படை. அன்னபேதி என்பது இரும்பு சல்ஃபேட். கடுக்காயின் துவர்ப்பில் இருக்கும் டானினோடு அது சேர்கிறது. ஐரோப்பாவில் ஓக் மரத்தில் குளவி முட்டையிடுவதால் உண்டாகும் முடிச்சுகளை எடுத்தார்கள். பேனா மையாகச் செய்யும்போது இந்தக் கலவை எழுதும் நேரத்தில் வெளிறித்தான் இருக்கும், அதனால் கண்ணுக்குத் தெரிய ஒரு நீலச் சாயம் கலக்கிறார்கள். தாளில் இறங்கியபின் காற்று பட்டு இரும்பு மாறிக் கறுக்கிறது, நாரோடு நாராகப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் பட்டால் நீலம் கரைந்து போகும், கறுத்த கோடு அப்படியே நிற்கும்.

1834இல் தொடங்கி ஒப்பந்தக் கூலியாக இந்தத் தீவுக்கு வந்த நம் பாட்டன்மார்களின் பதிவேடுகள் மோக்காவில் மகாத்மா காந்தி நிலையத்தில் இருக்கின்றன. பெயர், எண், கப்பல், ஊர் எல்லாம் கையால் எழுதியது. 19ஆம் நூற்றாண்டின் அலுவலக மை பெரும்பாலும் இந்த இரும்பு மைதான். இன்றைக்கும் பேரப்பிள்ளைகள் அந்த எழுத்தைப் படித்துத் தங்கள் ஊரைக் கண்டுபிடிக்கிறார்கள். அழிகிற மையில் எழுதியிருந்தால் அந்தக் குடும்பங்களுக்கு இன்று என்ன மிஞ்சியிருக்கும்? தினசரி எழுத்து என்று நீங்கள் ஒதுக்குவதில் எது நாளைக்கு வேண்டியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? எனக்கு இதில் விட்டுக்கொடுக்க மனம் வராது.

எபென்_கணக்கன்

ஐயா சொல்றது மனசுல தைக்குது. ஆனா இரும்பு மை பேனாவைக் கெடுத்துடும்னு சொல்றாங்களே?

துறைமுகத்தான் (போர்ட் லூயிஸ்)

தொட்டு எழுதும் பேனாவுக்கான பழைய கால இரும்பு மையை ஊற்றுப்பேனாவில் ஏற்றக் கூடாது, அது உண்மை. பேனாவுக்கென்றே செய்யும் இரும்பு மைகள் மிதமானவை. பிளாட்டினம் ப்ளூ பிளாக், பெலிக்கன் 4001 ப்ளூ பிளாக் இரண்டும் அந்த வகை. புளிப்புத் தன்மை உள்ள மை, அதனால் பேனாவில் காயவிடக் கூடாது. தினமும் எழுதினால் பயமில்லை. எழுதாமல் வைப்பதாக இருந்தால் கழுவி வையுங்கள். கறை படிந்துவிட்டால் வைட்டமின் சி தூளைத் தண்ணீரில் கரைத்து அலசினால் போகும், பிறகு வெறும் தண்ணீரில் நன்றாக அலச வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். செரினிட்டி இருந்த பேனாவில் கழுவாமல் இரும்பு மையை ஏற்றாதீர்கள். இரண்டு வேறு குணமுள்ள மைகள் கலந்தால் வண்டல் கட்டி நாக்கட்டையின் வாய்க்காலை அடைத்துவிடும்.

மலைமுகில் (க்யூர்பிப்)

பழைய_குமாஸ்தா ஐயா கேட்டதற்காக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே நகல் தாளில் மேல் வரி செரினிட்டி, கீழ் வரி பிளாட்டினம் ப்ளூ பிளாக். இரண்டும் ஒரே வாக்கியம். ஒரு முழு நாள் விட்டு, குழாயடியில் காட்டினேன்.

செரினிட்டி உடனே கரைய ஆரம்பித்தது. நீலம் வரியிலிருந்து கிளம்பித் தாள் முழுவதும் வெளிர் நீலமாகப் பரவியது. எடுத்துக் காயவைத்துப் பார்த்தால் எங்கே எழுதினேன் என்பதே மங்கலாகத்தான் தெரிகிறது, 'தண்ணீர்ப்பந்தல்' என்ற சொல்லில் 'ப்ப' மட்டும் பிடிபட்டது. பிளாட்டினத்திலும் கொஞ்சம் நீலம் கழன்றது. ஆனால் அடியில் சாம்பல் கறுப்பில் ஒவ்வொரு எழுத்தும் நின்றது, புள்ளி உட்பட.

இன்னொன்றும் கவனித்தேன், இதுவும் தமிழுக்கு முக்கியம். பிளாட்டினம் மை வறண்ட ஓட்டம், நிப்பிலிருந்து சிக்கனமாகத்தான் இறங்கும். அதே லாமி மீடியத்தில் அப்பியாசப் புத்தகத்தில் எழுதினால் 'ண'வின் உள்சுழி திறந்தே இருக்கிறது, மறுபக்கமும் ஊறவில்லை. ஈரமாக ஓடும் பேனாவுக்கு வறண்ட மை, வறண்டு ஓடும் பேனாவுக்கு ஈர மை என்று பொருத்திக்கொண்டால் பாதித் தொல்லை குறையும். செரினிட்டி ஈர ரகம், அதை ஃபைன் நிப்புக்குக் கொடுத்தால் அருமையாக எழுதுகிறது.

நிறத்தில் எனக்கு இன்னும் செரினிட்டிதான் பிடிக்கிறது. பிளாட்டினம் எழுதும்போது நல்ல நீலம், மறுநாள் பார்த்தால் கறுத்திருக்கிறது. நாள் முழுக்க அதையே பார்த்து எழுத எனக்கு மனம் மலரவில்லை.

பிச்சிப்பூ (சென் தெனி, ரெயூனியன்)

நீலமாகவும் இருக்க வேண்டும், நனையவும் கூடாது என்றால் நிறமி மை இருக்கிறதே ஐயா. செய்லரின் செய்-போகு என் கையில் இருக்கிறது. சாயத்துக்குப் பதில் மிக நுண்ணிய நிறமித் துகள், தாளில் காய்ந்தபின் தண்ணீருக்கு அசையாது. எஃபாசருக்கும் மறையாது. நீலக்கறுப்புதான், ஆனாலும் நீலம் தூக்கல். விலை கூடுதல், பேனாவில் காயவிட்டால் துகள் படிந்துவிடும். மூடி இறுக்கமான பேனாவில்தான் வைத்திருக்கிறேன்.

பழைய_குமாஸ்தா (ரோஸ் ஹில்)

நல்லது அம்மா. இரும்போ நிறமியோ, எழுத்து நின்றால் எனக்குப் போதும்.

எபென்_கணக்கன்

அப்ப நான் முடிவு பண்ணிட்டேன். ஆபீஸ் குறிப்புக்கு ஃபைன் நிப்புல செரினிட்டி. வீட்டுக் கணக்கு நோட்டு, அம்மாவுக்கு எழுதுற கடுதாசி ரெண்டுக்கும் பிளாட்டினம். கடுதாசி மெட்ராஸ் போறதுக்குள்ள எத்தனை மழை பாக்கணுமோ. இடது கைக்கு வறண்ட மையும் தோது.

மலைமுகில் சார், வாங்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் செரினிட்டி எழுதிப் பாக்கணும். எங்க கிடைக்கும்?

மலைமுகில் (க்யூர்பிப்)

என்னிடமே வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி. சனிக்கிழமை மோக்காவுக்கு வருகிறேன், எபென் பக்கத்தில்தானே. சின்னக் குப்பியும் ஃபில்லரும் கொண்டுவந்தால் இரண்டு மையிலும் கன்வெர்ட்டர் (பேனாவுக்குள் மை உறிஞ்சும் குழாய்) நிரம்பும் அளவுக்குத் தருகிறேன். குப்பி மருந்துக் குப்பியாக இருந்தால் வெந்நீரில் கழுவி நன்றாகக் காயவையுங்கள். இந்த ஈரத்தில் அழுக்குக் குப்பிக்குள் பூஞ்சை பிடித்துவிடும், பிறகு அந்த மையைப் பேனாவில் ஏற்ற முடியாது.

என் பங்கீட்டையும் சொல்லிவிடுகிறேன். பாடக்குறிப்பு, மாதிரிக் கட்டுரை எல்லாம் பைலட்டில் செரினிட்டி. வருகைப் பதிவு, சங்கக் கூட்டக் குறிப்பு, கையொப்பம் மூன்றும் இனி லாமியில் பிளாட்டினம்.

துறைமுகத்தான் (போர்ட் லூயிஸ்)

செரினிட்டி வாங்குபவர்களுக்கு: வாட்டர்மேன் 50 மில்லி கூடு பட்டை பட்டையாக இருக்கும், அடியில் மை குறைந்ததும் ஒரு பட்டையின் மேல் சாய்த்து வைக்கலாம். மை ஓரத்தில் தேங்கி, நிப்பு முழுவதும் முங்கும். கடைசிச் சொட்டுவரை ஃபில்லர் இல்லாமலே ஏற்றிவிடலாம். கூட்டை அலமாரிக்குள் வையுங்கள், சன்னல் ஓரம் வேண்டாம்.